டெய்ம், டொமெஸ்டிகேட்: பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், ஆங்கிலம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் ‘டெய்ம்’ என்ற வினைச்சொல்லில் தடுமாறுகிறார்கள். அகராதி ‘அடக்கு, பழக்கு’ என்று இரண்டு சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எதை எங்கே போடுவது, பக்கத்திலேயே நிற்கும் ‘டொமெஸ்டிகேட்’டை என்ன செய்வது என்பதெல்லாம் படிக்கிறவர் பாடு. சொல்லில் வரும் குழப்பம் விலங்கைப் பற்றிய குழப்பமாகவும் ஆகிவிடுவதால், இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

‘டெய்ம்’ என்ற வினைக்குச் சரியான பொருள் என்ன?

மனிதரைக் கண்டதும் ஓடுகிற, அல்லது சீறிப் பாய்கிற ஓர் உயிரை, மனிதர் பக்கத்தில் மிரளாமல் நிற்கிற நிலைக்குக் கொண்டுவருவதுதான் டெய்ம். மையப் பொருள் இவ்வளவே. சொன்னபடி கேட்பது, வேலை செய்வது, வித்தை காட்டுவது எதுவும் இதில் சேராது. அவையெல்லாம் பிறகு வருபவை, வராமலும் போகலாம்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். புல்வெளியில் ஒரு மான் மேய்கிறது. நீங்கள் தொலைவில் வரும்போது அது தலையைக்கூடத் தூக்குவதில்லை. கொஞ்சம் நெருங்கினால் ஒரு காது உங்கள் பக்கம் திரும்புகிறது. இன்னும் நெருங்கினால் அசைபோடும் வாய் நின்றுவிடுகிறது, கழுத்து விறைக்கிறது, முன்னங்கால் ஒன்று தரையைத் தட்டுகிறது. அதற்கும் மேல் ஓரடி எடுத்து வைத்தால் மான் அங்கே இல்லை. அந்தக் கடைசி அடி விழுந்த இடத்துக்கும் மான் நின்ற இடத்துக்கும் இடைப்பட்ட தூரத்துக்குத் தப்பியோடும் தொலைவு என்று பெயர். இந்தக் கருத்தை விலங்கியலில் நிலைநாட்டியவர் சூரிச் விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநராக இருந்த ஹெய்னி ஹெடிகர். மனிதரைப் பொறுத்தவரை அந்தத் தொலைவு பூஜ்யமாகிவிட்டால் அந்த விலங்கு பழகிவிட்டது என்று பொருள். அளந்தே பார்த்துவிடலாம் என்பதால், அகராதி விளக்கங்களைவிட இதையே நான் நம்புகிறேன்.

எப்படி உச்சரிப்பது? எப்படி எழுதுவது?

எழுத்து டி, ஏ, எம், இ (tame). முதல் ஒலி ‘டீச்சர்’ என்பதில் வருவது. ‘டாக்டர்’ என்பதில் வருவது அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ட’ என்பதால் ‘டேம்’ என்று எழுதினால் பாதிப் பேர் அணைக்கட்டு என்று படித்துவிடுவார்கள். அதற்காகவே இங்கே ‘டெய்ம்’ என்று எழுதியிருக்கிறேன். இறந்தகாலம் டெய்ம்ட், தொழிற்பெயர் டெய்மிங், அதைச் செய்பவர் டெய்மர்.

இது செயப்படுபொருள் கேட்கும் வினையா?

ஆம். யாரோ ஒருவர் எதையோ டெய்ம் செய்ய வேண்டும். தமிழில் இதற்கு வசதியான இணை ஒன்று கையிலேயே இருக்கிறது: பழகு, பழக்கு. ‘கிளியைப் பழக்கினாள்’ என்பது டெய்ம். ‘கிளி பழகிவிட்டது’ என்பதற்கு ஆங்கிலத்தில் இந்த வினையை அப்படியே போட முடியாது. அதே சொல்லைப் பெயரடையாக்கி, முன்னால் ‘பிகேம்’ சேர்த்து ‘பிகேம் டெய்ம்’ என்பார்கள். ‘இந்தக் குதிரை எளிதில் பழகும்’ என்ற பொருளில் ‘டெய்ம்ஸ் ஈசிலி’ என்பது மட்டும் விலக்கு.

பெயரடையாக வரும்போது இன்னொரு பொருளும் உண்டு. டெய்ம் ஆன ஒரு பேச்சு, டெய்ம் ஆன ஒரு கிண்டல் என்றால் சப்பென்று, காரமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பழக்கத்துக்கு வேலையே இல்லை.

தமிழில் ‘அடக்கு’ போடுவதா, ‘பழக்கு’ போடுவதா?

ஒரே ஒரு சோதனை போதும். அந்த மனிதர் விலகிப் போன பிறகு விலங்கிடம் என்ன மிஞ்சுகிறது? கயிறும் கம்பும் போனதும் அது பழையபடி ஆகிவிட்டால், நடந்தது அடக்குதல். அவர் இல்லாதபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தால், நடந்தது பழக்குதல். அடக்குவதற்கு வலு வேண்டும், அந்த நேரத்தோடு முடிந்தும் விடும். பழக்குவதற்கு நாள் வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பெரும்பாலும் தீனியும் வேண்டும்.

ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே வாயில் சொல்லிவிடுகிறது. ஆகவே ஒரு பத்தியை மொழிபெயர்க்கும்போது சொல்லைப் பார்க்காமல் சம்பவத்தைப் பாருங்கள். வீரன் ஒருவன் சண்டையிட்டுச் சிங்கத்தைப் பணியவைத்தான் என்ற கதைக்கு ‘அடக்கினான்’ பொருந்தும். அனாதையான நீர்நாய்க் குட்டியை ஒருவர் பல மாதம் வளர்த்துத் தன் கையில் வந்து உட்காரச் செய்தார் என்ற இடத்தில் ‘அடக்கினார்’ என்று எழுதினால் அவர் செய்த காரியத்தையே மாற்றிச் சொன்னதாகிவிடும்.

‘வசக்கு’ என்ற மூன்றாவது சொல் ஒன்று உண்டு. நுகத்தடிக்கும் வண்டிக்கும் இளங்காளையைத் தயார் செய்வதை ‘மாட்டை வசக்குதல்’ என்பார்கள். இதற்கு நேரான ஆங்கிலச் சொல் டெய்ம் அல்ல, ‘பிரேக்’ அல்லது ‘பிரேக் இன்’. இளங்குதிரைக்குக் கடிவாளமும் சேணமும் பழக்குவதும் அதே. அந்தக் காளையும் குதிரையும் ஏற்கெனவே மனிதரோடு பழகியவைதான். புதிதாகக் கற்பது பாரத்தை. எழுத்தில் அருகிவிட்ட இந்தச் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ‘குதிரையை உடைத்தான்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் படிக்கும்போது மனம் வலிக்கிறது.

டெய்ம், டொமெஸ்டிகேட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அதிகம் குழப்பப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டெய்ம் என்பது ஒரு தனி விலங்கின் வாழ்நாளுக்குள் நடப்பது. டொமெஸ்டிகேட் என்பது ஓர் இனத்தின் பல தலைமுறைகளில் நடப்பது. பழகிய விலங்கு மனிதரைப் பற்றி எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது. வளர்ப்பினமாகிவிட்ட விலங்கின் உடலும் பிறவிக் குணமுமே மாறியிருக்கின்றன. முன்னதில் கற்றது குட்டிக்குப் போகாது. பின்னதில் குட்டி அந்த மாற்றத்தோடேயே பிறக்கிறது.

இதைக் காட்டச் சிவிங்கிப்புலியை (ஆங்கிலத்தில் ‘சீட்டா’) மிஞ்சிய சாட்சி இல்லை. முகலாய அரசர்கள் இவற்றை வேட்டைக்காக நூற்றுக்கணக்கில் வைத்திருந்தார்கள். காட்டில் பிடித்துவந்து, கண்ணை மூடிக் கட்டி, ஆளரவத்துக்குப் பழக்கி, மான் கூட்டம் தெரிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். ஓடிப் பிடித்த சிவிங்கி திரும்பவும் ஆளிடம் அடங்கிவிடும். பூனைக் குடும்பத்துப் பெரிய விலங்குகளில் இத்தனை எளிதாகப் பழகுவது வேறில்லை. ஆனால் அடைப்பில் அவை குட்டி போடவில்லை. ஒரே ஒரு முறை ஈன்றதை ஜஹாங்கீர் ஓர் அதிசயமாகக் குறித்துவைத்தார். அதற்குப் பிறகு அடைப்பில் சிவிங்கி ஈன்றதாகப் பதிவாகியிருப்பது 1956-இல், பிலடெல்ஃபியா விலங்குக்காட்சிச் சாலையில். இடையில் பழக்கப்பட்ட ஒவ்வொரு சிவிங்கியும் காட்டில் பிறந்து, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது. பல நூறு ஆண்டு பழக்கியும் அது வளர்ப்பினம் ஆகவில்லை. ஒவ்வொரு விலங்கிடமும் முதலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு விலங்கு வளர்ப்பினமாக இருந்தும் பழகாததாக இருக்கலாம். ஆளே பார்க்காமல் மலைச்சரிவில் வளர்ந்த ஆட்டுக்குட்டி உங்களைக் கண்டால் மிரண்டு ஓடும். ஆனாலும் அது வளர்ப்பினம்தான்.

டொமெஸ்டிகேட்டுக்குத் தமிழில் எதைப் போடலாம்?

‘வீட்டு விலங்காக்குதல்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் வைத்து வளர்ப்பதோடு இது குழம்பிவிடும் என்பதால் எனக்கு அதில் திருப்தியில்லை. ஒருவர் வீட்டில் மலைப்பாம்பு வளர்த்தால் மலைப்பாம்பு இனம் ஒன்றும் மாறிவிடாது. ‘வளர்ப்பினமாக்குதல்’ என்றால் இனம் என்ற சொல்லே பல தலைமுறை என்பதைச் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் யானை?

யானை பழகிய விலங்கு. வளர்ப்பினம் அல்ல. பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கிறது. ஆசிய யானைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரோடு வேலை செய்துவருகின்றன. பாகன் சொல்லும் டஜன் கணக்கான கட்டளைகள் அவற்றுக்குப் புரிகின்றன. இருந்தும், வரலாற்றில் மனிதரிடம் இருந்த யானைகளில் பெரும்பாலானவை காட்டில் பிடிக்கப்பட்டவை. சாதுவான ஆணையும் சாதுவான பெண்ணையும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து, அதன் குட்டிகளிலும் தேர்ந்தெடுத்து, அப்படியே தொடர்ந்தவர் யாருமில்லை. கர்ப்பம் ஏறத்தாழ 22 மாதம். குட்டி வளர்ந்து வேலைக்கு வர பத்து, பதினைந்து ஆண்டுக்கு மேல். வளர்த்து ஆளாக்குவதைவிடப் பிடித்துப் பழக்குவதே அந்தக் காலத்தில் ஆதாயமாக இருந்தது.

மியான்மரின் மரம் இழுக்கும் யானைகளைப் பாருங்கள். வேலை முடிந்ததும் இரவில் காட்டில் மேய விடுகிறார்கள். அங்கே காட்டு ஆண்யானைகளோடு சேர்ந்து பெண்யானைகள் சினையாகின்றன. முகாமில் பிறந்த குட்டிக்கும் தந்தை காட்டு யானையாக இருக்கலாம். அந்தக் குட்டியைச் சில வயதானதும் தாயிடமிருந்து பிரித்துப் புதிதாகப் பழக்க வேண்டும். தாய் கற்றது எதுவும் பிறப்பிலேயே அதற்கு வந்துவிடவில்லை.

மதம் பிடித்த காலத்தில் பல ஆண்டு பழகிய பாகனையே யானை தாக்கியதாகச் செய்தி வரும்போது ‘நன்றிகெட்ட’ என்ற தொனியில் எழுதுகிறார்கள். அந்த எழுத்து அநியாயமானது. காட்டு விலங்கு ஒன்று தன் பிறவிக் குணத்தோடு, தனக்குப் பழக்கியதைத் தாண்டி நடந்திருக்கிறது. அதை ‘டொமெஸ்டிகேட்டட்’ என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆபத்தை மறந்துவிடுகிறோம்.

பழகுவதையே பல தலைமுறை தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். சோவியத் மரபியலாளர் டிமித்ரி பெல்யாயேவ் 1959-இல் நோவோசிபிர்ஸ்க் அருகே வெள்ளி நரிகளை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். உடனிருந்து நடத்தி, 1985-இல் அவர் இறந்த பிறகும் பல பத்தாண்டு தொடர்ந்தவர் லியுத்மிலா த்ருத்.

முறை எளிது. ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட நரிகள். கூண்டுக்குள் மனிதர் கை போகிறது. சில நரி மூலையில் ஒடுங்கி உறுமும், சில கடிக்கப் பாயும், மிகச் சில மட்டும் அமைதியாக நின்று கையை முகரும். அந்த மிகச் சிலவே அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையாகும். வேறு எந்தக் குணத்தையும், நிறத்தையோ அளவையோ, கணக்கில் எடுக்கவில்லை. முக்கியமான ஒன்று: குட்டிகளைக் கொஞ்சி வளர்க்கவும் இல்லை. கூண்டிலேயே, அளவான மனிதத் தொடர்போடு வளர்த்தார்கள். ஆகவே எந்த நரியாவது சாதுவாக இருந்தால் அது கற்றதால் வந்ததல்ல, பிறப்பால் வந்தது.

ஆறு, ஏழு தலைமுறைக்குள் மனிதரைக் கண்டால் வாலாட்டுகிற, முனகி அழைக்கிற, கையை நக்குகிற குட்டிகள் பிறந்தன. தொடர்ந்து உடலிலும் மாற்றம் தெரிந்தது: தொங்கும் காது, சுருண்ட வால், நெற்றியில் வெள்ளைத் திட்டு. வளர்ப்பு விலங்குகளில் தொங்கும் காது திரும்பத் திரும்ப வருவதை டார்வினே கவனித்திருக்கிறார். சாதுக் குணத்தைத் தேர்ந்தெடுத்தாலே இந்தத் தோற்றமும் கூடவே வந்துவிடும் என்று இந்த நரிகளை வைத்துப் பலர் சொன்னார்கள். அண்மை ஆண்டுகளில் அதற்கு மறுப்பு வந்திருக்கிறது: அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் ரோமப் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறை வளர்ந்தவை, வெள்ளைத் திட்டு போன்ற சில அடையாளங்கள் சோதனைக்கு முன்பே அவற்றில் இருந்தன. தோற்றத்தைப் பற்றிய வாதம் அதனால் பலவீனப்பட்டிருக்கிறது. குணம் பிறப்பில் இறங்கியது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இந்தச் சோதனையில் நடந்தது டெய்மிங்கா டொமெஸ்டிகேஷனா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எந்த நரியையும் யாரும் டெய்ம் செய்யவில்லை. பிறப்பிலேயே டெய்ம் ஆக நின்றவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாவது வினை, இரண்டாவது பெயரடை. இந்த இடத்தில் இலக்கணம் தெரிந்தால் உயிரியலும் தெரிந்துவிடுகிறது.

சில விலங்குகள் மட்டும் ஏன் வளர்ப்பினம் ஆகவேயில்லை?

ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1865-இல் இதற்குச் சில நிபந்தனைகளைப் பட்டியலிட்டார். மனிதரோடு ஒட்டும் இயல்பு, அடைப்பில் தடையில்லாமல் பெருகுதல், பராமரிக்க எளிதாக இருத்தல், தாங்கும் உடல், மனிதருக்குப் பயன் போன்றவை அவை. ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது. சிவிங்கி தோற்றது பெருகுவதில். வரிக்குதிரை தோற்பது குணத்தில். லண்டனில் வால்டர் ரோத்சைல்டு வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி ஓட்டியே காட்டினார். தனித்தனியாகப் பழக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் எளிதில் மிரளும், கடித்தால் விடாது. சிங்கமும் கழுதைப்புலியும் துரத்தும் நிலத்தில் வாழ்ந்து வந்த இனத்திடம் வேறு குணத்தை எதிர்பார்க்க முடியாது.

பூனை எந்தக் கணக்கில் வரும்?

வளர்ப்பினக் கணக்கில்தான், ஆனால் ஓரத்தில். தானியக் களஞ்சியத்துக்கு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது, ஆட்களைச் சகித்துக்கொண்ட பூனைகள் அங்கேயே தங்கிப் பெருகின. யாரும் பிடித்துவந்து பழக்கியதாகத் தெரியவில்லை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டு பழைய புதைகுழி ஒன்றில் ஒரு மனிதரின் பக்கத்தில் ஒரு பூனை புதைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதர் கை படாத பூனைக்குட்டி பெரும்பாலும் ஆளிடம் ஒட்டுவதில்லை. வளர்ப்பினத்திலும் ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பூனை நன்றாகவே காட்டுகிறது.

தாவரத்தை டெய்ம் செய்யலாமா?

முடியாது. டொமெஸ்டிகேட் செய்யலாம். தாவரத்துக்கு ஓடவும் பாயவும் இல்லை என்பதால் பழக்க எதுவுமில்லை. இனம் மட்டும் மாறுகிறது. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் தானாக உடைந்து மணி சிதறும். உடையாமல் நின்ற கதிர்களே அறுத்தவர் கையில் அதிகம் சேர்ந்தன, அவையே மறுபடி விதைக்கப்பட்டன. இன்று கோதுமையை அடித்துத்தான் உதிர்க்க வேண்டும். மெக்சிகோவின் டியோசின்டே என்ற புல் மக்காச்சோளமானதும் இப்படித்தான், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி.

ட்ரெயின், ஹேபிச்சுவேட் ஆகியவை எங்கே வேறுபடுகின்றன?

ட்ரெயின் என்றால் குறிப்பிட்ட ஒரு செயலைக் கற்றுத்தருவது: பயிற்றுதல். பழகிய விலங்கைப் பயிற்றலாம், பயிற்றாமலும் விடலாம்.

ஹேபிச்சுவேட் நுட்பமான சொல். விலங்கு உங்களை விரும்பவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். பாறையையும் மரத்தையும் போலப் பொருட்படுத்தாமல் இருந்தால் போதும். காட்டில் விலங்குகளை ஆராய்கிறவர்களுக்கு இது தேவை. ருவாண்டாவில் 1967-இல் கொரில்லா ஆய்வைத் தொடங்கிய டயான் ஃபாசி, தினமும் அவற்றின் பார்வையில் படும்படி இருந்து, குனிந்து, இலையை மெல்வதுபோல் காட்டி, மெல்ல மெல்ல இந்த நிலைக்குக் கொண்டுவந்தார். இதைப் ‘பழக்கினார்’ என்று எழுதினால் தவறான படம் மனதில் விழும். ‘தன் இருப்புக்குப் பழகவிட்டார்’ என்பது நெருங்கி வருகிறது.

தீனி கொடுத்தால் கதை மாறிவிடும். தான்சானியாவின் கோம்பேயில் 1960-இல் ஆய்வு தொடங்கிய ஜேன் குடால், சிம்பன்சிகளை அருகில் வரவைக்க வாழைப்பழம் வைத்தார். பழத்துக்காக அவை ஒன்றையொன்று தாக்குவது அதிகமானதும் அந்த வழக்கத்தை வெகுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. சுற்றுலா இடங்களில் குரங்குக்குத் தீனி போடுகிறவர்கள் நினைப்பதுபோல அது நட்பு ஆவதில்லை. பயம் மட்டும் போகிறது, முரட்டுத்தனம் அப்படியே இருக்கிறது. விலங்கிடமிருந்து வரும் ஆபத்துகளில் மோசமானது அந்தப் பாதிப் பழக்கம்.

காட்டு விலங்கைக் குட்டியிலிருந்தே வளர்த்தால் நாய்போல் ஆகிவிடாதா?

ஆகாது. அன்பு போதாமல் அல்ல, பிறவிக் கடிகாரமே வேறு. ஓநாய்க்குட்டி இரண்டு வார வயதிலேயே எழுந்து சுற்றத் தொடங்கிவிடுகிறது. அப்போது அதற்குக் காது கேட்காது, கண் சரியாகத் தெரியாது, மோப்பம் மட்டும்தான். நாய்க்குட்டி நான்கு வாரத்தில் சுற்றத் தொடங்குகிறது, அதற்குள் எல்லாப் புலனும் திறந்துவிடுகின்றன. அதனால் நாய்க்குட்டிக்கு மனிதரின் முகம், குரல், வாசனை எல்லாமே ‘தெரிந்தவை’ பட்டியலில் சேருகின்றன. ஓநாய்க்குட்டிக்கோ, பிறகு கேட்கும் ஒவ்வொரு சத்தமும் புதிது, பயம். ஓநாயைப் பழக்க வேண்டுமென்றால் கண் திறக்கும் முன்பே இரவும் பகலும் உடனிருக்க வேண்டும். அப்படி வளர்த்தவர்களும் அதை நாய் என்று சொல்வதில்லை.

பறவைகளில் இன்னொரு சிக்கல். குஞ்சு பொரித்து முதலில் பார்க்கும் நகரும் உருவத்தைத் தாய் என்று பதித்துக்கொள்ளும். வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விரிவாக விளக்கியவர் கொன்ராட் லோரன்ஸ்; விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதரைப் பதித்துக்கொண்ட பறவை வளர்ந்தபின் தன் இனத்தோடு சேர்வதில் தடுமாறும். அழியும் நிலையிலிருந்த ஹூப்பிங் கொக்குகளை அமெரிக்காவில் மீட்டவர்கள், குஞ்சுகள் மனித முகத்தைப் பார்த்துவிடாதபடி வெள்ளை அங்கியால் உடலை மறைத்து, கையில் கொக்குத் தலைப் பொம்மையை மாட்டி இரை ஊட்டினார்கள். பழக்கிவிடக் கூடாது என்பதற்காக எடுத்த சிரத்தை அது.

வழியில் குட்டி ஒன்று தனியாகக் கிடந்தால் தூக்கிவந்து வளர்க்க நினைப்பது நல்ல மனம்தான். ஆனால் பல இனங்களில் தாய் குட்டியை மறைத்துவைத்துவிட்டு இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று காத்திருங்கள். தாய் வரவே இல்லையென்றால் வனத்துறையையோ விலங்கு மீட்பு அமைப்பையோ அழையுங்கள். வளர்ந்தபின் அதைக் காட்டிலும் விட முடியாது, வீட்டிலும் வைக்க முடியாது.

‘ஃபெரல்’ என்றால் காட்டு விலங்கா?

இல்லை. வளர்ப்பினத்தில் பிறந்து மனிதர் கையைவிட்டுப் போனவை. அமெரிக்காவின் மஸ்டாங் குதிரைகள் ஸ்பானியர் கொண்டுவந்த வளர்ப்புக் குதிரைகளின் வழி வந்தவை. அவற்றைக் காட்டுக்குதிரை என்று எழுதினால் பாதிதான் உண்மை. வளர்ப்புக் குணம் இரத்தத்தில் இருப்பதால் அவற்றைப் பிடித்தால் திரும்பவும் பழக்க முடிகிறது. மாடுகளின் மூதாதையான அவுரோக்ஸ் உண்மையான காட்டு மாடு. கடைசி ஒன்று 1627-இல் போலந்தில் இறந்தது.

மனிதரல்லாத, விலங்கல்லாத பொருளுக்கும் டெய்ம் வருகிறதே?

தாராளமாக வரும். இங்கே தமிழில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் சிக்கல். தீ என்றால் வசப்படுத்துதல். ஆறு என்றால் கட்டுப்படுத்துதல். விலைவாசி என்றால் கட்டுக்குள் கொண்டுவருதல். பறக்கும் முடி என்றால் படியவைத்தல். கோபம் என்றால் தணித்தல், ஆசை என்றால் அடக்குதல். ஆங்கிலம் ஒரு சொல்லை எல்லா இடத்துக்கும் இழுக்கிறது. தமிழில் பொருளுக்குத் தக்கபடி வினை மாறும்.

மனைவியை, மாணவனை, தொழிலாளியை டெய்ம் செய்தார் என்று பழைய ஆங்கில எழுத்தில் வருவதுண்டு. அங்கே ‘அடக்கினார்’ என்றே மொழிபெயர்த்துவிடுங்கள். ‘பழக்கினார்’ என்று மென்மையாக்கினால் அதிலிருக்கும் வன்முறையை நாமே மறைத்துக்கொடுத்ததாகும்.

சொல்லின் வேர் என்ன?

இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பரவிய பழைய வேர். லத்தீனில் ‘டொமாரே’, கிரேக்கத்தில் ‘டமான்’, சமஸ்கிருதத்தில் ‘தம்’. வேதாந்தத்தில் ‘சமம், தமம்’ என்று சேர்த்துச் சொல்வார்களே, புலனடக்கமாகிய அந்தத் தமம் இதே வேர். கிரேக்கத்தில் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து ‘அடமாஸ்’, அதாவது அடக்க முடியாதது, என்றாகி, அதிலிருந்து வைரத்துக்கு ‘டயமண்ட்’ என்ற பெயர் வந்தது. ‘இன்டாமிடபிள்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பமே. ‘டொமெஸ்டிகேட்’ மட்டும் வீடு என்று பொருள்படும் ‘டோமுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. ஒலியில் உடன்பிறப்புபோல இருந்தாலும் பெரும்பாலான மொழியியலாளர் அதை வேறு வேரில் சேர்க்கிறார்கள்.

‘லயன் டெய்மர்’ என்பவர் உண்மையில் சிங்கத்தை டெய்ம் செய்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் ஐசக் வான் ஆம்பர்க் 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலில் பெரும்புகழ் பெற்றார். அவர் சிங்கங்களை அடித்தே பணியவைத்தார் என்பதும் அப்போதே பேச்சாக இருந்தது. நாம் மேலே பார்த்த சோதனையின்படி அது அடக்குதல். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக், அடியைக் குறைத்துத் தீனியையும் பாராட்டையும் வைத்துச் செய்யும் முறையைப் பரப்பினார். அது பயிற்றுதல். அதன்பிறகு வந்த பலர் தங்களை ‘ட்ரெய்னர்’ என்றே சொல்லிக்கொண்டார்கள்.

சர்க்கஸ் சிங்கங்கள் பல தலைமுறையாக அடைப்பிலேயே பிறந்தவையாகவும் இருக்கலாம். அதை வைத்து ‘டொமெஸ்டிகேட்டட்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூண்டில் பிறப்பதால் மட்டும் வளர்ப்பினம் ஆகிவிடாது. சாதுக் குணத்துக்காகத் தேர்ந்தெடுப்பு நடந்திருக்க வேண்டும். தமிழில் அதற்கு ‘கூண்டில் பிறந்து, பயிற்றப்பட்ட சிங்கம்’ என்று எழுதலாம். சொல் சற்று நீளம்தான், ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது அதில் இருக்கிறது.